பி.எல்.சி. வாங்கிய கதை

மூணு மாசமா இந்தப் பக்கம் வரவில்லை. ஆபீஸில் ஆணி ஜாஸ்தி என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, வாரக்கடைசி ஆனால் திருப்பூருக்கு பஸ் ஏறி, மாமாவின் சாயப்பட்டறையில் ஒரு பேனல் முன்னால் டெஸ்டரும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து ஜாவாவில் பொட்டி தட்டுகிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பெரிய பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் மக்களே.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, ரெண்டாம் நம்பர் மெஷினு கன்ட்ரோலர் போயிருச்சு. நீ கம்ப்யூட்டர்தான பாக்கற? வந்து என்னன்னு பாத்துட்டுப் போ."

நம்ம சொந்தக்காரர்களுக்கு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்றால் டிவி ரிமோட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் எல்லாம் தெரிந்தவன். நான் படித்தது என்னவோ இ.இ.இ. தான். ஆனால் எங்க காலேஜ் லேபில் பி.எல்.சி. கிட் மொத்தமே ஒண்ணு. அறுபது பேர். அதைத் தொட்டவர்கள் முதல் வரிசையில் நின்ற ஐந்து பேர். நான் எந்த வரிசையில் நின்றிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். கேம்பஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தேன். 250 கிலோ சாஃப்ட் ப்ளோ மெஷின். தெரியாதவர்களுக்காக: பெரிய ஸ்டீல் உருளை. உள்ளே பனியன் துணியை நுனியோடு நுனி தைத்து கயிறு மாதிரி சுற்ற விடுவார்கள். பம்ப் சாயத்தண்ணியை நாசில் வழியாக அடிக்க அடிக்க, துணி அதோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டீம் விட்டு சூடேற்ற வேண்டும். காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம் என்றால் பெரும்பாலும் 60 டிகிரி. அதற்கு முன்னால் ப்ளீச்சிங், பின்னால் சோப்புக் கழுவல் எல்லாம் 90க்கு மேலே போகும். சூடு நிமிஷத்துக்கு இத்தனை டிகிரி என்று கணக்காக ஏற வேண்டும். உப்பும் சோடாவும் மெதுவாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் துணி திட்டுத்திட்டாக வரும். மறுபடி சாயம் போட வேண்டும்.

மறுபடி போடறதுன்னா சாயக் காசு மட்டும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு சாயத்தண்ணி வெளியே விடாமல் சுத்தம் பண்ணித்தான் ஓட்ட வேண்டும். ஒரு லாட் கெட்டுப்போனால் துணி, சாயம், உப்பு, விறகு எல்லாத்துக்கும் மேலே அத்தனை தண்ணியையும் சுத்திகரிக்கிற செலவு வேறு. மாமா மாதிரி ரெண்டு மெஷின் வைத்திருக்கிறவருக்கு மாசத்துக்கு நாலு லாட் அப்படிப் போனால் லாபம் அவ்வளவுதான்.

பழைய கன்ட்ரோலர் ஏற்கனவே மூணு தடவை ரிப்பேர் ஆனது. அந்த மாடலை நிறுத்தி வருஷக் கணக்காகிறது. அதில் ப்ரோகிராம் போட்டுக் கொடுத்தவர் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆக, உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. மெஷின் ஓடிய வரைக்கும் அது சாமி. நின்றதும் கல்.

"மாமா, இதுக்கெல்லாம் எதுக்கு லட்சக்கணக்குல? ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு ரிலே போர்டு, ஒரு டச் ஸ்க்ரீன். இருபதாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம். போன்லயே டெம்பரேச்சர் பாக்கலாம்" என்றேன். மாமா முகத்தில் பல்பு எரிந்தது. எனக்குள்ளும்தான். மைத்துனி முன்னாடி வேறு சொன்னேன், ஹி ஹி.

அப்போது அங்கே பேனலுக்குள் தலையை விட்டிருந்த அண்ணன் வெளியே வந்தார். அவர்தான் அந்த ஏரியா பட்டறைகளுக்கெல்லாம் பேனல் கட்டுகிறவர். ஐ.டி.ஐ. படிப்பு, முப்பது வருஷ அனுபவம். பேர் வேண்டாம், பேனல் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

"தம்பி, நல்லாத்தான் இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நைட்டு ரெண்டு மணிக்கு இது நின்னு போச்சுன்னா உள்ள 250 கிலோ துணி இருக்கும். யாரைக் கூப்பிடறதுங்க?"

"எனக்குப் போன் பண்ணுங்க."

"நீங்க பெங்களூர்ல தூங்கீட்டு இருப்பீங்க."

ஙே என்று முழித்தேன். அவர் அதோடு விடவில்லை. சாயப்பட்டறையில் ஆவி, உப்பு, கெமிக்கல் காற்று. பேனலுக்குள்ளே மத்தியானம் 50 டிகிரி தொடும். பக்கத்திலேயே மோட்டார் டிரைவ்கள் கத்திக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிகல் இரைச்சல். நாளுக்கு நாலு தடவை கரண்ட் பட்டென்று போகும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அடுத்த தடவை பை எழுந்திருக்குமா என்பது அதன் இஷ்டம். இது எனக்கே தெரியும், வீட்டில் ரெண்டு கார்டு பலி கொடுத்திருக்கிறேன். பி.எல்.சி.க்கு கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள தனி மெமரியே உண்டு. அது பிறந்ததே இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

ராத்திரி உட்கார்ந்து பி.எல்.சி. வரலாறு படித்தேன். 1968ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவுக்கு ஒரு தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் சுவர் நீளத்துக்கு இருக்கும் ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் பண்ண வேண்டும். அதற்கு மாற்று கேட்டார்கள். டிக் மார்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் ஆட்களும் செய்து கொடுத்ததுதான் மோடிகான் 084. அவர்களுடைய 84வது ப்ராஜெக்ட், அதான் அந்தப் பேர். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு ப்ரோகிராம் எழுத லேடர் படத்தையே வைத்தார்கள். ஏன்னா எலெக்ட்ரீஷியன்கள் அதுவரை பார்த்துப் பழகிய ரிலே வயரிங் படமும் அதே மாதிரிதான் இருக்கும். அதாவது, பேனல் முன்னால் நிற்கிற ஆளுக்குப் புரிய வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே டிசைனில் இருக்கிறது. பேனல் அண்ணன் கேட்ட ரெண்டு மணிக் கேள்வியை அவர்கள் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

சரி, பி.எல்.சி. தான் என்று முடிவானது. எந்த பி.எல்.சி.? இங்கேதான் சாஃப்ட்வேர்காரன் புத்தி வேலை செய்தது. எக்ஸெல் ஷீட் போட்டேன். சீமென்ஸ், ஆலன் பிராட்லி, மிட்சுபிஷி, ஓம்ரான், டெல்டா என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒரு கட்டளைக்கு எத்தனை நானோசெகண்ட், மெமரி எவ்வளவு, ஈதர்நெட் எத்தனை என்று பத்துக் காலம். வேகமானதற்குப் பச்சைக் கலர். பேனல் அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன்.

"தம்பி, தண்ணி சூடேறறது நிமிஷத்துக்கு ஒண்ணரை டிகிரிங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நானோசெகண்ட் காலத்தை அழித்தேன். அதற்குப் பதிலாக அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது. யாருக்காவது உபயோகப்படும் என்று இங்கே வைக்கிறேன்.

முதலில் எண்ண வேண்டும். பி.எல்.சி.க்குள்ளே வருவது எத்தனை, வெளியே போவது எத்தனை. மூடி ஸ்விட்ச், லெவல் ஸ்விட்ச், பிரஷர் ஸ்விட்ச், மோட்டார் ட்ரிப், எமர்ஜென்சி பட்டன் எல்லாம் சேர்த்து உள்ளே 18. வால்வு, பம்ப், விளக்கு, ஹார்ன் சேர்த்து வெளியே 20. இதெல்லாம் ஆன்-ஆஃப் மட்டும். சூடு, தண்ணி மட்டம் மாதிரி ஏறி இறங்குகிற அனலாக் சிக்னல் உள்ளே 3, வெளியே 2. இதற்கு மேலே இருபது சதவீதம் சும்மா விட வேண்டும். ரெண்டு வருஷம் கழித்து மாமா கட்டாயம் இன்னொரு டேங்க் மாட்டுவார்.

அடுத்தது சென்சார் ஜாதி. இருக்கிற சென்சார் எல்லாம் என்.பி.என். வகை. பி.எல்.சி. இன்புட்டின் காமனை எந்தப் பக்கம் கொடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் என்.பி.என். வேலை செய்யுமா பி.என்.பி. வேலை செய்யுமா என்பது. ஒரே காமனில் ரெண்டையும் கலக்க முடியாது. நான் ஆன்லைனில் ஆர்டர் பண்ணிய ரெண்டு சென்சாரும் பி.என்.பி. ஆயிரத்து முந்நூறு ரூபாய் அவ்வ்வ்வ்.

மூணாவது அவுட்புட். ரிலே அவுட்புட் எந்த வோல்ட்டுக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் ரிலேவுக்கு ஆயுசு உண்டு. உள்ளே இருக்கும் ஒரு ரிலே ஒட்டிக்கொண்டால் பி.எல்.சி.யையே கழற்ற வேண்டும். அதனால் டிரான்சிஸ்டர் அவுட்புட் எடுத்து, வெளியே சாக்கெட்டில் சின்ன ரிலேக்களை மாட்டினோம். போனால் யார் வேண்டுமானாலும் பிடுங்கிவிட்டு வேறு சொருகலாம். ராத்திரி ரெண்டு மணிக்கும்.

நாலாவது, வேகம். அது தேவைப்படுகிற ஒரே ஒரு இடமும் இருந்தது. துணி ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க, தையல் இருக்கும் இடத்தில் ஒரு காந்தம் வைப்பார்கள். அது சென்சாரைத் தாண்டும்போது ஒரு பல்ஸ். துணி நிமிஷத்துக்கு 250 மீட்டர் ஓடினால் நொடிக்கு நாலு மீட்டருக்கு மேலே. காந்தம் சென்சாருக்குப் பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் தெரியும் என்றால் பல்ஸ் 24 மில்லிசெகண்ட்தான். இன்புட் ஃபில்டர் பத்து, ப்ரோகிராம் ஒரு சுற்று வர பத்து என்றால் நூலிழையில் பிடிக்கும், சில சமயம் விட்டுவிடும். அந்த ஒரு இன்புட்டுக்கு மட்டும் ஃபில்டரைக் குறைத்தேன். மொத்த மெஷினிலும் என் எக்ஸெல் ஷீட்டுக்கு வேலை இருந்தது அங்கே மட்டும்தான்.

அஞ்சாவதுதான் முக்கியம். திருப்பூரில் அந்த பி.எல்.சி. எத்தனை கடையில் அன்றைக்கே கிடைக்கும்? அதில் கை வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குள் எத்தனை பேர்? சாஃப்ட்வேருக்குக் காசா, சும்மாவா? வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டுமா? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்?

இந்த அஞ்சாவதில் வடிகட்டியதும் பச்சைக் கலர் கம்பெனிகள் எல்லாம் கீழே போய், டெல்டா மேலே வந்தது. அது உலகத்திலேயே உசத்தி என்று சொல்ல வரவில்லை. பெரிய மில்லாக இருந்து, மெயின்டெனன்ஸுக்கு தனி டிபார்ட்மென்ட் இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போம். எங்களுக்கு அதன் சாஃப்ட்வேர் சும்மா கிடைத்தது, ஸ்பேர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைத்தது, பேனல் அண்ணனுக்கும் அவர் பையன்கள் ரெண்டு பேருக்கும் அது பழக்கம். முடிந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ப்ரோகிராம் எழுதும்போது மூடிக்கு ஒரு கண்டிஷன் போட்டேன். சூடு 80க்குக் கீழே, பிரஷர் இல்லை என்றால் மட்டும் மூடி லாக் திறக்கும். ரெண்டு வரி. அழகான ரெண்டு வரி. பேனல் அண்ணன் பார்த்துவிட்டு, "சரிங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தனியாக ஒரு தெர்மோஸ்டாட்டையும் ஒரு பிரஷர் ஸ்விட்சையும் மெஷினில் மாட்டினார். ரெண்டையும் மூடி லாக் காயிலுக்கு நேராக சீரிஸில் வயர் இழுத்தார். பி.எல்.சி.க்குப் போகவே இல்லை. பி.எல்.சி. சரி என்று சொன்னாலும் இந்த ரெண்டும் ஒத்துக்கொண்டால்தான் திறக்கும். வயர் அறுந்தாலும் பூட்டியே இருக்கும்.

எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "ஏண்ணா, ப்ரோகிராம்லதான் இருக்கே. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குதுங்க தம்பி" என்றார். அதுக்கு மேலே பேசவில்லை.

ட்ரையல் அன்றைக்கு துணி இல்லாமல் வெறும் தண்ணி. 65 டிகிரி வரைக்கும் ஏற்றி, பத்து நிமிஷம் வைத்து, முடித்தால் மூடி திறக்கலாம் என்று ஒரு சின்ன ப்ரோகிராம். ஸ்க்ரீனில் 40, 50, 60 என்று ஏறியது. நினைத்ததை விட நேரம் எடுத்தது. ஸ்டீம் கம்மி போல என்று நினைத்தேன். 65 வந்தது, பத்து நிமிஷம் ஆனது, பச்சை விளக்கு எரிந்தது. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேட்டர் அண்ணன் போய் மூடி பட்டனை அமுக்கினார். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார். திறக்கவில்லை.

"பாத்தீங்களாண்ணா, உங்க தெர்மோஸ்டாட்தான் தகராறு" என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறினேன். பேனல் அண்ணன் மெஷின் உடம்பில் இருந்த பழைய முள் தெர்மாமீட்டரைக் காட்டினார். 97.

சூடு ஏறினால் ஏறுகிற சிக்னல் 4லிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை வரும். நான் முதலில் பார்த்த கொட்டேஷனில் டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 100 டிகிரி. வந்து மாட்டியது 0 முதல் 150. லேபிளில் பெரிசாக எழுதியிருந்தது. நான் லேபிளைப் பார்க்கவில்லை. 97 டிகிரிக்கு அது 14.3 மில்லி ஆம்பியர் அனுப்பியது, என் ப்ரோகிராம் அதை 65 என்று படித்தது. 4 மில்லி ஆம்பியரில் ஆரம்பிப்பதால் வயர் அறுந்தால் கண்டுபிடித்துவிடலாம். தப்பாகப் பெருக்குகிறவனை எப்படிக் கண்டுபிடிக்கும்? என் அழகான ரெண்டு வரியும் சரியாகத்தான் வேலை செய்தது. பொய்யான 65ஐ வைத்துக்கொண்டு, திற என்று சொன்னது.

ஆபரேட்டர் அண்ணன் ஒண்ணுமே சொல்லாமல் கீழே இறங்கி, முழுக்கை சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த வேக்காட்டில் எல்லாரும் பனியனோடு வேலை செய்யும்போது இவர் மட்டும் ஏன் முழுக்கை என்று மூணு வாரமாக நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமாதான் சொன்னார். சில வருஷத்துக்கு முன்னாடி, இதே மெஷின். மூடி ஸ்விட்ச் கெட்டுப்போய் பாதி லாட்டில் நின்றுவிட்டது. அர்ஜென்ட் ஆர்டர். யாரோ ஒரு துண்டு வயரை வைத்து ஸ்விட்சை லூப் பண்ணி ஓட்டிவிட்டார்கள். விடியற்காலை ஷேடு பார்க்க அவர் மூடியைத் திறந்திருக்கிறார். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும்.

"யாரு மாமா லூப் பண்ணினது?"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாந்தான் பண்ணச் சொன்னேன்."

அத்தை ரசம் ஊற்ற வந்தவர் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாமாவே, "அதுக்குத்தான் நல்லதா ஒண்ணு போட்டுக் குடுன்னு உன்னைக் கூப்புட்டேன்" என்றார்.

ஆபீஸில் நானும் தப்பாகப் பெருக்கியிருக்கிறேன். டெஸ்டிங்கில் ஒரு பக் விழும், டமேஜர் முறைப்பார், மத்தியானத்துக்குள் சரி பண்ணி மேலே ஏற்றிவிடுவேன். ரோல்பேக் என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். சுடுதண்ணிக்கு ரோல்பேக் கிடையாது. சாதாரண பி.எல்.சி. நல்ல வேலைக்காரன், ஆனால் ஆளைக் காப்பாற்றுகிற கடைசிப் பொறுப்பை அதனிடம் கொடுக்கக் கூடாது. அதற்கென்றே சேஃப்டி ரிலே, சேஃப்டி பி.எல்.சி. என்று தனியாக இருக்கின்றன. எமர்ஜென்சி பட்டனையும் நேராகவே வயரிங் பண்ண வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தபோது பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் போய், ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டில் நான் ஸ்டைலாக எழுதியிருந்ததையெல்லாம் லேடராக மாற்றினேன். ஒவ்வொரு வரிக்கும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து கமென்ட் போட்டேன். மொத்தத்தையும் ப்ரின்ட் எடுத்து பேனல் கதவில் ஒரு பையில் வைத்தாகிவிட்டது. ஒரிஜினல் ப்ரோகிராம் மாமாவின் பீரோவில் ஒரு பென் டிரைவிலும், பேனல் அண்ணனிடம் இன்னொன்றிலும் இருக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது. என்னைக் கூப்பிடாமல் இந்த மெஷின் ஓட வேண்டும், அதுதான் இப்போது என் ஆசை.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாசம் ராத்திரி ஒண்ணரை மணிக்கு ஒரு தடவை நின்றதாம். பேனல் அண்ணனின் சின்னப் பையன் வந்து, படத்தைப் பார்த்து, ஒரு ரிலேயைப் பிடுங்கி வேறு சொருகிவிட்டுப் போனானாம். எனக்குக் காலையில்தான் தெரியும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

உங்களில் யாராவது பேக்டரி பக்கம் வேலை பார்ப்பவர்கள் இருந்தால், உங்கள் ராத்திரி ரெண்டு மணிக் கதைகளைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

பி.கு: அந்த ட்ரையல் வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, நான் "சூப்பர்ணா" என்று கத்துகிறேன். ஒவ்வொரு தடவை ஏதாவது ஸ்கேலிங் எழுதும்போதும் ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.